குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பின்: வைட்டமின் டி அளக்கும் முறை, மூச்சு எண்ணும் முறை

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஒவ்வொரு தாயின் கையிலும் இரண்டு பொருள்களைக் கொடுத்து அனுப்புவேன். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. புளியங்கொட்டை ஆறு.

சிரிஞ்ச், வைட்டமின் டி சொட்டு மருந்தை அளப்பதற்கு. புளியங்கொட்டை, குழந்தையின் மூச்சை எண்ணுவதற்கு. தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் 17 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மாதம் நிறையும் முன்னே பிறந்து, வாரக்கணக்கில் எங்கள் கையில் வளர்ந்து, ஒன்றரைக் கிலோவைத் தாண்டி வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் தாய்மார்களிடம் கடைசி நாளில் என்ன சொல்கிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "வைட்டமின் டி குறைந்தால் நுரையீரல் பலவீனமாகுமாமே சிஸ்டர், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் மூச்சுத்திணறல் வராதுதானே?" கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கேள்வியின் முன்பாதியில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. பின்பாதி ஆபத்தானது. அதனால் முதலில் இந்த உறவைத் தெளிவாக்கிவிட்டு, பிறகு கைவேலைக்கு வருகிறேன்.

டி-க்கும் மூச்சுக்கும் என்ன உறவு

நுரையீரலின் காற்றுப்பைகள் உள்ளே ஈரமானவை. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுப்பைகள் அப்படி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பான ஒரு பூச்சு வேண்டும். அதற்குச் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். ஏறக்குறைய 24-வது வாரத்தில் சுரக்கத் தொடங்கி, 34, 35-வது வாரத்தில்தான் தேவையான அளவுக்கு வருகிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கிடக்கும் பைகளைப் பிரித்துத் திறக்கப் போராடுகிறது. இந்தப் பூச்சு இல்லாததுதான் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி, ஜீர் மீட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1959-இல் காட்டினார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்த மூச்சுத்திணறலால் இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்துபோனான். எடை 2.1 கிலோ. அந்த எடையில் எங்கள் பிரிவுக்கு வரும் குழந்தைகள் இன்று பெரும்பாலும் தாயின் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாராவும் அவருடைய குழுவினரும் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குழாய் வழியாகக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பலன் கண்டார்கள். உங்கள் குழந்தைக்கு முதல் நாளில் "நுரையீரலுக்குள் ஒரு மருந்து கொடுத்தோம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அந்த வழியில் வந்த மருந்துதான் அது.

இதில் வைட்டமின் டி எங்கே வருகிறது? சர்ஃபாக்டன்ட் சுரக்கும் செல்களை வைட்டமின் டி தூண்டுகிறது என்று எலிகளின் நுரையீரலில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டி குறைவாகப் பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் நாள் மூச்சுத்திணறலும், பல வாரங்கள் ஆக்சிஜனை விட முடியாத நாள்பட்ட நுரையீரல் நோயும் கூடுதலாக வந்ததாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 27 வாரத்தில் பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். தாயிடமிருந்து டி சேர்ந்து வருவதும் கடைசி மாதங்களில்தான், நுரையீரல் முதிர்வதும் கடைசி மாதங்களில்தான். முன்னதாகப் பிறந்தால் இரண்டுமே குறைந்துதான் இருக்கும். ஒன்று குறைந்ததால்தான் மற்றது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பிறந்த பிறகு டி-யை அள்ளிக் கொடுத்தால் நுரையீரல் நோய் வராமல் தடுக்கலாம் என்பது இதுவரை நிறுவப்படவில்லை.

பிறகு ஏன் கட்டாயம் கொடுக்கச் சொல்கிறோம்? எலும்புக்காக. எலும்பு வழியாக மூச்சுக்கும் உண்மையான ஓர் உறவு இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் போதாது. டி-யும் இல்லாமல் போனால் விலா எலும்பு மெலிந்து மென்மையாகிவிடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு நிமிர்ந்து நிற்க வேண்டும். மென்மையான விலா உள்ளே குழிந்துவிடும். ஏற்கெனவே பாடுபட்டு மூச்சு விடும் குழந்தைக்கு அது கூடுதல் பாரம்.

எங்கள் பக்கத்துத் தாய்மார்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். ஊரெல்லாம் வெயில் காய்ந்தாலும், காலை முதல் மாலைவரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடி முடித்தால்தான் அன்றைய கூலி. அவர்கள் உடம்பில் டி எப்படிச் சேரும்? தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது தாயின் அளவில் ஏறக்குறைய பாதியிலிருந்து முக்கால் பங்குதான். தாய்ப்பாலிலும் டி மிகக் குறைவு, ஒரு லிட்டரில் பொதுவாக 50 யூனிட்கூட இருக்காது. நமது குழந்தை ஒரு நாளில் குடிப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. இதைச் சொன்னதும் சில தாய்மார்கள் முகம் வாடிவிடுகிறார்கள். உங்கள் பாலில் குறை ஒன்றும் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது. டி மட்டும் சொட்டு மருந்தாகத்தான் வர வேண்டும்.

பரிசோதனைத் தாளைப் படிப்பது

எல்லாக் குழந்தைக்கும் டி அளவு பார்க்க வேண்டியதில்லை. மருத்துவர் எழுதியிருந்தால் தாளில் "25-ஹைட்ராக்சி வைட்டமின் டி" என்று இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். நானோகிராம் என்றால் ஒரு கணக்கு, நானோமோல் என்றால் வேறு கணக்கு. ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமும் ஒரு லிட்டருக்கு 50 நானோமோலும் ஒன்றுதான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி குழந்தைகளுக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 12-க்குக் கீழே போனால் குறைபாடு, நடுவில் இருப்பது பற்றாக்குறை. பல ஆய்வகங்களின் தாளில் 30-க்குக் கீழே எல்லாமே குறைவு என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். 24 என்று வந்த தாளைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் அழுத தாயைப் பார்த்திருக்கிறேன். எண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

எவ்வளவு, எப்படி அளப்பது

ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 1,000 யூனிட்வரை, ஆறு மாதம் முடியும்வரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் 400-இல் தொடங்குவார்கள், ஒரு வயதுவரை தொடர்வார்கள். குழந்தையின் எடை, எலும்புப் பரிசோதனை, பால் வகை இவற்றைப் பார்த்து மருத்துவர் மாற்றுவார். டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பதுதான் உங்கள் குழந்தையின் அளவு. பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தையின் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

சிக்கல் பாட்டிலில்தான் தொடங்குகிறது. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு வகை, 1 மி.லி.யில் 400 யூனிட். இன்னொரு வகை, 1 மி.லி.யில் 800 யூனிட். பெட்டி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 400 யூனிட் கொடுக்க முதல் வகையில் முழு 1 மி.லி. வேண்டும், இரண்டாவதில் அரை மி.லி. போதும். சிலவற்றில் யூனிட்டுக்குப் பதிலாக மைக்ரோகிராம் போட்டிருக்கும். 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட். போன மாதம் வாங்கியதைப்போலத்தான் இந்த மாதமும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். புதுப் பாட்டில் வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் டிஸ்சார்ஜ் தாளையும் பாட்டிலையும் சேர்த்துக் காட்டி மருந்தாளுநரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். அவர் சொல்லும் கோட்டில் சிரிஞ்சின் மேல் மை அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வகை மாறினால் பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் புதிதாகக் கோடு போடுங்கள்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் எங்களிடம் இருந்து போன பெண் குழந்தை. சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. லோடு இறக்கும் வேலை பார்க்கும் அப்பா, இரவு கடை மூடும் நேரத்தில் போய் "வைட்டமின் டி கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் 5 மி.லி. பிளாஸ்டிக் குப்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பெரியவர்கள் வாரம் ஒருமுறை குடிப்பது, உள்ளே 60,000 யூனிட். குழந்தைக்கு 150 நாள் கொடுக்க வேண்டியது அந்த ஒரு குப்பியில் இருக்கிறது. முழுவதையும் பாலாடையில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். காலையில் காலிக் குப்பியைப் பார்த்த ஆச்சி சந்தேகப்பட்டு எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். உடனே வரச் சொன்னோம். இரத்தத்தில் கால்சியம் பார்த்தோம், சில நாள் கழித்து மறுபடியும் பார்த்தோம். நல்ல வேளையாக ஏறவில்லை. பல வாரம் சொட்டு மருந்தை நிறுத்தி வைக்கச் சொன்னார் மருத்துவர். அந்த அப்பா பிரிவின் வாசலில் நின்ற நிலையை என்னால் மறக்க முடியாது. பாசத்தோடு ஓடிப் போய் வாங்கி வந்தவர் அவர். அதனால்தான் கடைக்குப் போகும்போது பழைய பாட்டிலைக் கையோடு எடுத்துப் போகச் சொல்கிறேன். வாயால் கேட்கக் கூடாது, பாட்டிலைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

டி கூடிப்போனால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். குழந்தை பால் குடிக்காமல் வாந்தி எடுக்கும், மலம் இறுகும், சிறுநீர் அடிக்கடி போகும், துவண்டு கிடக்கும், எடை ஏறாது. சிறுநீரகத்தில் கால்சியம் படியவும் கூடும். அமெரிக்காவில்கூடச் சொட்டு மருந்து டிராப்பரால் குழந்தைகளுக்கு அளவு கூடிப்போகிறது என்று 2010-இல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட நேர்ந்தது. அந்த டிராப்பரில் ரப்பர் குமிழை விட்டதும் மருந்து எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. சிரிஞ்சை நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டில் இருக்கும் இன்சுலின் சிரிஞ்சால் இதை அளக்கவே கூடாது. அதிலும் "யூனிட்" என்று கோடு போட்டிருக்கும். அந்த யூனிட் இன்சுலினுக்கு உரியது. இந்த யூனிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி கொடுக்கும் முறை. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். கொஞ்சம் மருந்தைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் விட்டு, சிரிஞ்ச் நுனியை அதில் வைத்து மெதுவாக இழுங்கள். காற்றுக் குமிழ் இருந்தால் நுனியை மேலே தூக்கி விரலால் சுண்டுங்கள், குமிழ் மேலேறியதும் அழுத்தி வெளியேற்றுங்கள். பிறகு கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு அளவும் கீழிருந்து பார்த்தால் வேறு அளவும் தெரியும். கிண்ணத்தில் மிஞ்சியதைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்ற வேண்டாம்.

குழந்தை விழித்திருக்க வேண்டும். தலை சற்று உயர்ந்திருக்கும்படி மடியில் வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். குறைமாதக் குழந்தைக்குப் புரையேறினால் மூச்சே நின்றுபோகலாம். பாலாடையில் பால் கொடுக்கிறவர்கள், பிழிந்த பாலில் முதல் இரண்டு மூன்று மி.லி.யை மட்டும் தனியே எடுத்து, அதில் மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டு மீதிப் பாலைக் கொடுக்கலாம். பால் முழுவதிலும் கலந்துவிட்டால் குழந்தை பாதியில் தூங்கிப்போகும், மருந்தும் பாதிதான் உள்ளே போயிருக்கும்.

ஒருநாள் மறந்துவிட்டால் பதறாதீர்கள். டி உடம்பின் கொழுப்பில் தங்கும், ஒருநாள் தவறினால் ஒன்றும் குறைந்துவிடாது. மறுநாள் வழக்கமான அளவு மட்டும். இரண்டு நாளுக்கானதைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தவுடன் கக்கிவிட்டாலும் அப்படித்தான், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரே ஆள் கொடுப்பது நல்லது. அம்மாவும் ஆச்சியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்து இரட்டிப்பான வீடுகள் உண்டு. நாள்காட்டியில் தேதியைக் கிழிப்பதற்கு முன் ஒரு புள்ளி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று, கூட்டிப் பார்ப்பது. பல சத்துகள் கலந்த மல்டிவைட்டமின் சொட்டில் டி இருக்கிறது. சில கால்சியம் சிரப்பிலும் இருக்கிறது. தாய்ப்பாலில் கலக்கும் சத்துப்பொடியிலும், குறைமாதக் குழந்தைக்கான பால்மாவிலும் இருக்கிறது. வேறொரு மருத்துவரைப் பார்க்கப் போனால் வீட்டில் கொடுக்கும் எல்லாப் பாட்டில்களையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆறு புளியங்கொட்டை

மூச்சு எண்ணுவதை மருத்துவமனையிலேயே மூன்று முறையாவது என் முன்னால் செய்து காட்டச் சொல்வேன்.

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக விழித்திருக்கும்போதோ எண்ணுங்கள். பால் குடித்தவுடனும் அழுதவுடனும் வேண்டாம். சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிடுங்கள், வெளிச்சம் வேண்டும். குழந்தை வயிற்றால் மூச்சு விடும், அதனால் வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை மேலே எழுந்து கீழே இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோலப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகப் போகும். குறைமாதக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. வேகமாகப் பத்து மூச்சு விடும், ஐந்து விநாடி சும்மா இருக்கும், மறுபடி தொடங்கும். ஐந்து முதல் பத்து விநாடி நின்று, நிறம் மாறாமல், தானே தொடங்கினால் அது இந்தக் குழந்தைகளின் இயல்பு.

ஆறு புளியங்கொட்டையை இடது பக்கம் வரிசையாக வையுங்கள். பத்து மூச்சு ஆனதும் ஒரு கொட்டையை வலது பக்கம் நகர்த்துங்கள். இப்படி எண்ணினால் நடுவில் யாராவது கூப்பிட்டாலும் கணக்கு தொலையாது. நிமிடம் முடியும் முன் ஆறு கொட்டையும் வலது பக்கம் போய்விட்டால் 60 ஆகிவிட்டது என்று பொருள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-உம் அதற்கு மேலும் வேகமான மூச்சு. சில நிமிடம் விட்டு மறுபடி எண்ணுங்கள். மறுபடியும் ஆறும் போனால் கிளம்புங்கள். இரண்டு மாதம் முடிந்த பின் ஒரு வயதுவரை 50 என்பதே எல்லை. டிஸ்சார்ஜ் நாளில் உங்கள் குழந்தை தூங்கும்போது எத்தனை வருகிறது என்று எங்கள் முன்னால் எண்ணித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 42 என்று போன குழந்தைக்கு 58 வந்தால், 60 ஆகவில்லையே என்று காத்திருக்கக் கூடாது.

எண்ணும்போதே மற்றவற்றையும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில் ஆழமாகக் குழி விழுகிறதா? மூக்கின் இரண்டு பக்கமும் விரிகிறதா? மூச்சை விடும்போதெல்லாம் முனகுகிறதா? அந்த முனகல் அழுகை அல்ல. மூடிக்கொள்ளும் காற்றுப்பைகளைத் திறந்து வைக்கக் குழந்தை தொண்டையை இறுக்கிச் செய்யும் முயற்சி அது. நிறத்தை நாக்கிலும் உதட்டின் உட்பக்கத்திலும் பாருங்கள். நம் குழந்தைகளின் தோலில் நீலம் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் நீலமாக இருந்தால் குளிராக இருக்கலாம். நாக்கு நீலமானால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. பெரியவர்களின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறினாலோ, குழந்தை துவண்டாலோ, உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகை அழுத்தித் தேயுங்கள். உடனே மூச்சு வராவிட்டால் ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் வாயோடு மூக்கையும் சேர்த்து மூடி மெல்லிய மூச்சு ஊத வேண்டும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. டிஸ்சார்ஜுக்கு முன் பொம்மையில் செய்துகாட்டச் சொல்லுங்கள், நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கொரு முறை செய்து பாருங்கள். மூச்சு தானே திரும்பி வந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். போகும் வழியில் குழந்தை தாயின் வெற்று நெஞ்சில், துணி சுற்றி, தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

30 வாரத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தை. வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டாவது நாள் இரவு பதினொரு மணிக்கு அவனுடைய அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். "மூன்று தடவை எண்ணினேன் சிஸ்டர், கொட்டை பற்றவில்லை" என்றார். நான் எண்ணினேன், 68. விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. காய்ச்சல் இல்லை, இருமல்கூட இல்லை. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவருக்குச் சளி இருந்திருக்கிறது. அப்பா கையில் ஒரு தாளோடு நின்றார். முந்தைய வாரம் பார்த்த பரிசோதனை, டி அளவு 34. "இது சரியாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டி சரியாகத்தான் இருந்தது. நிமோனியா தனியாக வந்திருந்தது. ஆறு நாள் ஆக்சிஜனும் மருந்தும் கொடுத்தோம், நலமாகப் போனான். விடியும்வரை காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. கணக்குத் தப்பாமல் எண்ணிய கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், வயிறும் பாதமும் சேர்ந்து சில்லிட்டால், உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வந்துவிடுங்கள்.

வீட்டில் ஆச்சிகளோடு பேச வேண்டியவை

குழந்தையை வளர்ப்பதில் ஆச்சிகளுக்கு இணை கிடையாது. ஆனால் அவர்கள் கைப்பழக்கம் நிறைமாதக் குழந்தைகளுக்கு உரியது. அதனால் டிஸ்சார்ஜ் நாளில் ஆச்சியையும் கட்டாயம் வரச் சொல்வேன்.

காலை வெயிலில் காட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. ஏழு மணி இளவெயிலில் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. அது நன்றாக வருவது பத்து மணிக்கு மேல், அந்த வெயிலில் பச்சிளங்குழந்தையின் தோல் வெந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் ஏறக்குறைய வருவதே இல்லை. இதற்காகத் துணியைக் கழற்றி வாசலில் கிடத்தினால் ஒன்றரைக் கிலோக் குழந்தையின் உடம்பு சில்லிட்டுப்போகும். வெயிலைக் காட்டிச் சொட்டு மருந்தை நிறுத்த முடியாது.

குளித்ததும் சாம்பிராணி போடுவது வேண்டவே வேண்டாம். கொசுவத்தி, விறகடுப்புப் புகை, பீடிப் புகை எதுவும் குழந்தை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. பீடித்தூள் பறக்கும் தட்டையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரே அறைதான் என்றால் தட்டைத் திண்ணைக்குக் கொண்டுபோங்கள், குழந்தையை உள்ளே வையுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது இரண்டையும் அடியோடு விட்டுவிட வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

தூளியைப் பற்றிச் சொல்லும்போதுதான் எதிர்ப்பு அதிகம் வரும். தாய்மாமன் வாங்கி வந்த புடவையில் தூளி கட்டாமல் எப்படி என்பார்கள். தூளியில் குழந்தை வில்லைப்போல வளைந்து, தாடை நெஞ்சில் முட்டும். கழுத்தில் பலமில்லாத குழந்தைக்கு அந்த வளைவிலேயே மூச்சுக்குழாய் மடங்கிப்போகும். உள்ளே முகம் தெரியாது, நிறம் தெரியாது. கெட்டியான சமதரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். அந்தப் புடவையை வீணாக்க வேண்டாம், தாயின் நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்துக் கட்டிக்கொள்ள அதைவிட நல்ல துணி கிடையாது. இப்படித் தோலோடு தோல் சேர்த்து வைத்திருக்கும் கங்காரு அரவணைப்பை நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுவதும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அப்பாவும் செய்யலாம், ஆச்சியும் செய்யலாம்.

அடுத்த பிள்ளைக்கு

மறுபடி கருவுற்றால், முதல் பரிசோதனையிலேயே "முதல் குழந்தை குறைமாதம்" என்று சொல்லிவிடுங்கள். டி மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் குழந்தையின் நுரையீரலைக் காக்கும் மருந்து என்று நிறுவப்பட்டது வேறு ஒன்று. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. நம் நாட்டில் டெக்ஸாமெதசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. பிரசவத்துக்கு முன் அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். ஆகவே இலேசான வலிதானே என்று வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.

மறுபரிசோதனைக்கு வரும் நாளில் டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, கொடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மருந்துப் பாட்டில்கள், கோடு போட்ட சிரிஞ்ச், புள்ளி வைத்த நாள்காட்டித் தாள்கள் இவற்றைக் கொண்டுவாருங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் விழித்திரைப் பரிசோதனையைப் பிறந்த நான்காவது வாரத்துக்குள் முடித்தாக வேண்டும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. தேதி தாளில் இருக்கும். முதலில் எடை பார்ப்பேன், பிறகு உங்களையே சிரிஞ்சில் மருந்தை எடுத்துக் காட்டச் சொல்வேன். கொட்டைகளில் ஒன்று தொலைந்துபோயிருந்தால் கேளுங்கள், என் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.